டென்னசி வாக்கர் மாதிரிக் குதிரைகள்: தேர்விலிருந்து போட்டி மேசை வரை

சேகரிக்கவும் போட்டியில் வைக்கவும் மாதிரிக் குதிரைப் பொம்மையை வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை. டென்னசி வாக்கர் என்னும் அமெரிக்க இனக் குதிரை என்றால் முதலில் கால்களைத்தான் பார்க்க வேண்டும். இந்த இனத்தின் பெருமையெல்லாம் ரன்னிங் வாக் என்னும் நடையில் இருக்கிறது. நான்கு குளம்புகளும் தனித்தனியே தரை தொடும். பின்குளம்பு, அதே பக்கத்து முன்குளம்பின் தடத்தைத் தாண்டி 6 முதல் 18 அங்குலம் வரை முன்னே விழும். தலையும் அந்தத் தாளத்துக்கு ஆடும். பொம்மையில் தடம் தெரியாதுதான். ஆனால் பின்கால் வயிற்றுக்கடியில் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பது தெரியும். வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழுந்திருந்தால் அது டிராட் என்னும் வேறு நடை; ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒன்றாக எழுந்திருந்தால் பேஸ் என்னும் நடை. பெட்டியில் எந்த இனத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும், நடை பிசகிய சிற்பத்தை வாக்கர் என்று மேசையில் வைப்பது வீண்.

தொடங்குவோருக்கு, மாதிரிக் குதிரைகள் செய்யும் பிரேயர் நிறுவனத்தின் 1:9 அளவுக் குதிரையே (நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு) நல்லது. 1:32 அளவில் கால் நுணுக்கம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. 1945, 1946 ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற மிட்நைட் சன் என்னும் குதிரையின் மாதிரியை பிரேயர் 1972 முதல் வெளியிட்டது; பழையவற்றில் நான் முதலில் தேடச் சொல்வது அதைத்தான்.

பழைய மாதிரி கைக்கு வந்ததும் காதுநுனி, குளம்போரம், வால்முனை ஆகிய இடங்களில் வண்ணம் தேய்ந்திருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சுத்தம் செய்ய மென்மையான தூரிகை, வெதுவெதுப்பான நீர், சிறிது சோப்பு ஆகியவை போதும். நகப்பூச்சு நீக்கியை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்; அதிலுள்ள அசிட்டோன், இந்தக் குதிரைகளின் செல்லுலோஸ் அசிட்டேட் உடலையே கரைத்துவிடும். வெயிலில் நிறுத்திய காரிலும் விட்டுவைக்க வேண்டாம். சூட்டில் கால் வளைந்துவிடும்.

மாதிரிக் குதிரைகளை மேசையில் வைத்து நடுவர் மதிப்பிடும் அமெரிக்காவின் நேரடிப் போட்டிகளில் தொழிற்சாலை வண்ணத்திலேயே இருப்பவை, கைவினைஞர் மாற்றியமைத்தவை, ரெசின் (வார்ப்புப் பிசின்) சிற்பங்கள் ஆகியவை பொதுவாகத் தனித்தனிப் பிரிவுகளில் நிற்கும். இன வகுப்பில் நடுவர் உடலமைப்பையும் இனப் பொருத்தத்தையும் வண்ணத்தின் நிலையையும் பார்ப்பார். குதிரையின் பெயர், இனம், ஆணா பெண்ணா என்பது ஆகியவற்றை எழுதிய சிறு சீட்டை நூலால் காலில் கட்டுங்கள். உரிமையாளர் பெயர் வெளியே தெரியக் கூடாது. நடையையும் கால் வரிசையையும் விளக்கும் ஓர் அட்டையைப் பக்கத்தில் வைத்தால், இவ்வினத்தில் அதிகம் பழகாத நடுவருக்கும் ஐயம் எழாது. தகுதிப் போட்டிகளில் முதல் இரண்டு இடம் பெறும் குதிரைகளுக்கு, தேசியப் போட்டியில் கலந்துகொள்வதற்கான சீட்டு கிடைக்கும்.

சேணம் பூட்டிக் காட்டும் வகுப்பில் பிழைக்கு இடம் அதிகம். தட்டையான ஆங்கிலச் சேணம் போட்டுவிட்டு அமெரிக்க மாட்டிடையர் பாணியான மேற்கத்தியக் கடிவாளம் மாட்டினால் புள்ளி போகும். குளம்பில் கனத்த அடுக்குகள் வைத்து முன்காலை மிகையாக உயர்த்தும் ‘பிக் லிக்’ தோற்றத்தை நான் தவிர்ப்பேன். அந்த மிகைநடைக்காகக் குதிரையின் காலைப் புண்ணாக்கும் வழக்கத்தை எதிர்த்தே 1970-இல் அமெரிக்காவில் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாதாரண லாடத்தில் நடக்கும் குதிரையே இந்த இனத்தின் இயல்பான அழகைக் காட்டும்.

போட்டிக்குக் கொண்டுபோகும்போது குதிரை ஒவ்வொன்றுக்கும் தனித் துணிப்பை வேண்டும். காதுக்கும் தூக்கிய காலுக்கும் கூடுதலாகப் பஞ்சு வைத்துச் சுற்றி, பெட்டியில் ஒன்றோடொன்று உரசாதபடி படுக்க வையுங்கள்.