கேரியரில் முட்டை இருக்கிறது: சைக்கிள் தடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஐந்து இளம் வடிவமைப்பாளர்களின் டிராயிங்குகளைப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு நடுத்தர ஊரின் பிரதான சாலைக்கு சைக்கிள் தடம் போடுகிற பயிற்சி. நன்றாக உழைத்திருந்தார்கள். ஆனால் ஐந்தில் நான்கு டிராயிங்கில், என் முதல் வேலையில் நான் செய்த தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

தடத்தில் கார் நிறுத்துவது, பெயிண்ட் அழிவது, போர்டு வைக்க மறப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பேப்பரில் சரியாகத் தெரிந்து, சைட்டில் ஆளைக் கீழே தள்ளுகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சைக்கிளை அளந்து அகலம் போடுவது

ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர்தானே, 1.2 மீட்டர் தாராளம் என்று கணக்குப் போடுகிறார்கள். சைக்கிள் கோடு போட்டதுபோல் நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும். விரைவாகப் போகிற இளைஞனைவிட, குரங்குப் பெடல் போடுகிற பையனுக்கும் எழுபது வயதுப் பெரியவருக்கும்தான் அதிக இடம் வேண்டும். ஓரத்தில் சுவரோ கம்பியோ இருந்தால் ஒரு சாணாவது தள்ளித்தான் ஓட்டுவோம். இரண்டு பக்கமும் அப்படிக் கழித்தால் 1.2 மீட்டரில் மிஞ்சுவது முக்கால் மீட்டர்.

பொகோட்டா நகரின் பூங்காத் துறையை நடத்திய கில் பெனலோசா கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: எட்டு வயதுக் குழந்தையையும் எண்பது வயதுப் பெரியவரையும் இந்த வழியில் நம்பி அனுப்புவீர்களா? நான் இன்னொன்றையும் கேட்பேன்: அம்மா வண்டிகள் போகிற பக்கமாக ஓட்டிக்கொண்டு, பிள்ளையை உள்பக்கம் விட்டு, இருவரும் பேசிக்கொண்டே போக முடியுமா? முடியாதென்றால் அகலம் போதாது. ஒருவழித் தடத்துக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3 மீட்டர். இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வாசலுக்கு வாசல் ஏறி இறங்கும் தடம்

நான்கு டிராயிங்கிலும் இருந்த தவறு இதுதான். எனக்கு இன்றும் ஆறாத தவறும் இதுதான்.

நடப்பது இப்படி. நடைபாதைக்கு ஏற்கெனவே ஒரு டிராயிங் கையில் இருக்கும்: சாலையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் கெர்ப் என்கிற ஓரக்கல், அதன்மேல் நடைபாதை. சைக்கிள் தடத்தையும் அதே உயரத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். குறுக்குவெட்டுப் படம் அழகாக இருக்கும், சாலை கீழே, சைக்கிள் மேலே, பாதுகாப்பு. ஆனால் சைக்கிளில் போகிறவர் குறுக்குவெட்டில் போகவில்லை, நீளவாக்கில் போகிறார். நீளவாக்கில் வீடுகள் இருக்கின்றன, வீட்டுக்கு ஒரு கேட் இருக்கிறது. கார் உள்ளே போக வேண்டும் என்று ஒவ்வொரு கேட்டுக்கும் எதிரே கெர்ப்பை வெட்டி, தடத்தையே சாலை மட்டத்துக்கு இறக்கிவிடுகிறோம்.

கணக்குப் பாருங்கள். 30 அடி மனை, ஏறக்குறைய 9 மீட்டர் முகப்பு. கேட் 3 மீட்டர். 150 மில்லிமீட்டர் இறக்கத்தை 1:12 சரிவில், அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு இறக்கமாக, இறக்கினால் ஒரு பக்கத்துக்கு 1.8 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து, கேட்டையும் கூட்டினால் 6.6 மீட்டர். மிச்சம் சமதளம் 2.4 மீட்டர். அதற்குள் அடுத்த வீட்டு இறக்கம் வந்துவிடும். இதுவும் டிராயிங்கில் சொன்னபடி சரிவு போட்டால்தான். சைட்டில் கான்ட்ராக்டர் 1.8 மீட்டர் தரமாட்டார், அரை மீட்டரில் சிமெண்டைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்.

என் முதல் தடம் அப்படித்தான் வந்தது. திறந்து ஒரு வாரம் கழித்துக் காலையில் போய் நின்றேன். ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். கேரியரில் பலகை கட்டி, முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய ட்யூபால் இறுக்கியிருந்தார். கடை கடையாகப் போடுகிறவர். தடம் காலியாகக் கிடக்க, அவர் சாலை ஓரத்தில், பஸ்ஸுக்கும் கெர்ப்புக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தார். நிறுத்திக் கேட்டேன்: "ஐயா, உங்களுக்காகத்தான் இது போட்டிருக்கு. ஏன் மேல வரல?"

"ஒரு தடவ போய்ப் பாத்தேன் தம்பி. நாலு வீடு தாண்டறதுக்குள்ள ஆறு முட்ட போச்சு."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்று அந்தத் தடத்தில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன். 300 மீட்டருக்குள் என் பின்புறம் சீட்டிலிருந்து எத்தனை முறை எழுந்தது என்று எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் இதில் போகமாட்டாள். கட்டுவதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்து நடந்ததுதான் மனதை அறுக்கிறது. யாரும் ஓட்டாததால் பைக்குகள் ஏறி நின்றன. பிறகு ஒரு டிபன் கடையின் சிலிண்டர்கள். இரண்டு வருடத்தில் இடித்து பார்க்கிங் ஆக்கினார்கள். செலவு போனது ஒரு பக்கம். அந்த முடிவெடுத்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "நம்ம ஊர்ல சைக்கிள் ஓட்ட ஆளே இல்ல சார், போட்டுப் பாத்துட்டோம்." நான் வரைந்த தடமே சைக்கிள்காரர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அடுத்த பத்து வருடம் அந்த ஊரில் யார் சைக்கிள் தடம் கேட்டாலும் அதே பதில்தான்.

ஆள் இல்லையா? அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முட்டையைக் காப்பாற்ற வழி இல்லாத இடத்தில் ஓட்டமாட்டார்கள்.

சரி செய்வது கடினமே இல்லை. சைக்கிள் இறங்கக் கூடாது, கார்தான் ஏற வேண்டும். தடத்தைச் சாலையிலிருந்து 75 மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும். நடைபாதை அதிலிருந்து இன்னொரு 75 உயரத்தில் இருக்கட்டும். கோபன்ஹேகனில் இப்படித்தான் சாலை, சைக்கிள், நடைபாதை என மூன்று படி. சாலைக்கும் தடத்துக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர் இடைவெளிப் பட்டை விடுங்கள். கேட்டுக்கு எதிரே அந்தப் பட்டைக்குள்ளேயே சரிவு முடிந்துவிட வேண்டும். தடம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. நெதர்லாந்தில் இதற்கென்றே சரிவாக வார்த்த கற்கள் வைத்திருக்கிறார்கள். கார் அந்தச் சரிவில் ஏற வேண்டியிருப்பதால் தானாக வேகம் குறைகிறது. பிள்ளைகள் குறுக்கே போகிற இடத்தில் அது நமக்கு இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பு. சின்னத் தெருக்கள் வந்து சேரும் இடத்திலும் இதே விதி: தெரு ஏறி இறங்கட்டும், தடம் நேராகப் போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு முறையும் சாலை 40, 50 மில்லிமீட்டர் உயரும். இரண்டு முறை போட்டால் உங்கள் 75 மில்லிமீட்டர் காணாமல் போய், மழைத் தண்ணீர் தடத்தில் நிற்கும். 'மில்லிங் செய்த பிறகே தார்', அதாவது பழையதைச் சுரண்டிய பிறகே புதுசு, என்று டெண்டரிலேயே எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

சந்திப்பு வந்ததும் தடத்தை முடிப்பது

பயமில்லாத இடத்தில் துணைக்கு வந்துவிட்டு, பயமுள்ள இடத்தில் கையை உதறுவதுபோல. நம் சாலைகளில் இடதுபக்கம் திரும்பும் லாரிதான் நேராகப் போகிற சைக்கிளை வெட்டும். டிரைவருக்கு இடது பின்பக்கம் சரியாகத் தெரியாது. முனையைப் பெரிய வளைவாகப் போட்டால் அவர் வேகத்தைக் குறைக்காமலே திரும்புவார். முனையை இறுக்குங்கள், அங்கே ஒரு சின்னத் திட்டு வையுங்கள். சைக்கிள் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர் அளவுக்கு, லாரி திரும்புகிற தெருவுக்குள்ளே தள்ளுங்கள். அப்போது திரும்பி முடித்த டிரைவருக்குக் கடக்கிற பிள்ளை எதிரே முழுசாகத் தெரியும். பிரதான சாலையை அடைக்காமல் நின்று வழிவிடவும் அவருக்கு இடம் இருக்கும்.

பைக்கைத் தடுக்கக் கம்பி நடுவது

பைக் கண்ணாடியோடு சேர்த்து 80 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்கு 90 வேண்டும், மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டிக்கு அதற்கும் மேலே. இவர்கள் நுழைகிற இடைவெளியில் பைக் நுழைந்தே தீரும். கம்பியை நெருக்கினால் முதலில் வெளியே நிற்பவர் மூன்று சக்கர வண்டிக்காரர்தான். காரைத் தடுக்க மட்டும் 1.2 மீட்டருக்கு ஒரு கம்பி போதும். டெல்லியில் 2008இல் திறந்த அம்பேத்கர் நகர் – மூல்சந்த் விரைவு பஸ் வழித்தடத்தின் சைக்கிள் தடத்திலும் பைக்குகள் புகுந்தன. சாலை அடைபட்டால் பைக் வரும். அதற்கு ஆள் நிறுத்திப் பிடிப்பதுதான் வழி, குறைந்தது முதல் ஆறு மாதமாவது.

பேவர் பிளாக்

வேண்டாம். தார், இல்லையென்றால் கான்கிரீட்.

வடிகால் மூடி

கம்பி இடுக்கு சக்கரத்துக்குக் குறுக்கே இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரத்தை விழுங்கும்.

மரத்தை வெட்டுவது

தடம் வளையட்டும். மே மாத வெயிலில் நிழலில்லாத தடத்தில் யாரும் போகமாட்டார்கள்.

ஒரு கிலோமீட்டர் மட்டும் போட்டுப் பார்ப்பது

ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ ஒரு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்கலாம், திங்கட்கிழமை அதில் பள்ளிக்குப் போக முடியாது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 வாக்கில் தொடங்கி, ஏறக்குறைய 80 கிலோமீட்டரை ஒரே மூச்சில், ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. அதுவரை சைக்கிளே அபூர்வமாக இருந்த ஊரில் சில ஆண்டுகளிலேயே சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. உங்களிடம் ஒரு கிலோமீட்டருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் அதிகம் வருகிற தெரு வரைக்கும் முழுசாகப் போடுங்கள், இரண்டு முனையும் எங்காவது போய்ச் சேரட்டும்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு சைட் பார்ப்பது

ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பில் போய், வெயிலில் காலியாகக் கிடக்கிற சாலையைப் பார்த்துத் திரும்பினால் எதுவும் தெரியாது. பள்ளி விடுகிற நேரத்துக்குப் போங்கள். பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வாசலில் சாயங்காலம் நாலே காலுக்கு நின்றபோதுதான் எனக்கு அந்தச் சாலை புரிந்தது. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் கேரியரில் தம்பியை உட்காரவைத்து, அவன் கால் சக்கரத்தில் படாமல் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். எல்லோரும் முதலில் போனது கொய்யா வண்டிக்குத்தான். மிளகாய்ப்பொடி தூவிய துண்டுகளுக்காக இருபது சைக்கிளாவது அங்கே நின்றன. என் டிராயிங்கில் தடம் போன இடமும் அதே இடம்தான்.

வண்டிக்காரரை விரட்டச் சொல்லி யோசனை வந்தது. அந்தப் பிள்ளைகள் நிற்பது அவரிடம்தான், அவர் நிற்பது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். நடைபாதையிலிருந்து 1.5 மீட்டர் எடுத்து, வண்டிக்கும் நிற்கிற சைக்கிள்களுக்கும் ஒரு திண்ணை மாதிரி இடம் ஒதுக்கி, தடத்தை அதற்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோனோம். அந்த இடத்தில் நடைபாதை ரொம்பக் குறுகாமல் இருக்கப் பள்ளிச் சுவரை அரை மீட்டர் உள்ளே தள்ளித் தரச் சொல்லிக் கேட்டோம். மூன்று மாதம் அலைய வேண்டியிருந்தது. தந்தார்கள்.