நகரத்து ஃபேரி நாவலை எடை போடுவது எப்படி?

ஃபேரிகள் இன்றைய நகரத்தில் உலவும் கதைதான் நகரத்து ஃபேரி நாவல். முதல் வேலை, ஃபேரிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் 'தேவதை' என்ற சொல்லை ஒதுக்கி வைப்பது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகளில் வரும் ஃபேரி வரம் கொடுக்க வருவதில்லை, பேரம் பேச வருகிறது. சிறகையும் மந்திரக்கோலையும் எதிர்பார்ப்பதைவிட நம் மோகினியையும் யட்சியையும் நினைத்துக்கொண்டு படிப்பது மேல்.

ஒரு தாளை நீளவாக்கில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஃபேரிகளைப் பற்றி நாவல் சொல்லும் விதிகள், பக்க எண்ணோடு: இரும்பு ஆகாது, பொய் சொல்ல வராது, அவர்கள் சோற்றைத் தின்ற மனிதர் ஊர் திரும்ப முடியாது. வலப்பக்கம், அந்த விதியால் யார், எங்கே மாட்டினார்கள் என்பது. முடிவுவரை வலப்பக்கம் காலியாகவே கிடந்தால் அந்த விதி வெறும் தோரணம்.

இரும்பு நல்ல உரைகல். காடென்றால் பிரச்சினையில்லை, நகரத்தில் கார், லிஃப்ட், கான்கிரீட்டுக்குள் கம்பி என்று எங்கும் அதுதான். இரும்பு பட்டால் சுடும் என்று 20ஆம் பக்கத்தில் சொன்னவர், 90ஆம் பக்கத்தில் ஃபேரியை மெட்ரோவில் உட்கார வைத்தால் காரணமும் சொல்லியாக வேண்டும். பலர் மறந்துவிடுகிறார்கள்.

பொய் விதியைச் சோதிக்க, ஃபேரியின் வசனங்களை மட்டும் தனியே இன்னொரு தடவை வாசியுங்கள். "இன்றிரவு என் கையால் உனக்குத் தீங்கு வராது" என்பது தேர்ந்த வசனம்: 'இன்றிரவு' ஒரு ஓட்டை, 'என் கையால்' இன்னொன்று. எல்லாம் தெரிந்த ஃபேரி "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னால், கோட்டைவிட்டது எழுத்தாளர்.

பழகிப் பார்க்க எம்மா புல் 1987இல் வெளியிட்ட 'வார் ஃபார் தி ஓக்ஸ்' ஏற்றது. களம் அமெரிக்காவின் மினியாபொலிஸ். ஃபேரிகளின் இரு அரசவைகள் மோதுகின்றன. ஆனால் மனிதர் ஒருவர் களத்தில் இருந்தால்தான் அவர்களுக்குச் சாவு உண்டு. அதனால் ராக் பாடகி எடி மெக்கேண்ட்ரியை இழுத்து வருகிறார்கள். நாயகி எதற்கு என்ற கேள்விக்கு விதியே பதில் சொல்லிவிடுகிறது. இந்த நாவலின் பெரிய பலம் அதுதான். 'இவள்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்' என்று மொட்டையாகச் சொல்லி நகரும் நாவல்களோடு வைத்துப் பாருங்கள். மினியாபொலிஸின் நிக்கலெட் மால் என்ற தெரு, மின்னஹாஹா அருவி எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. இன்னொரு ஊர்ப் பெயரை அங்கே ஒட்ட முடியாது.

பலவீனமும் உண்டு. யார் என்ன உடுத்தினார்கள் என்ற வர்ணனை அலுக்கும்வரை வருகிறது. மந்திரமே இசையாக இருப்பதால், காதில் விழாத பாட்டைப் பாடல் வரிகளை மட்டும் வைத்து நம்பச் சொல்கிறது கதை. ராக் பழக்கமில்லாதவருக்கு அந்த இடங்கள் சப்பென்றிருக்கும்.

விமர்சனம் எழுதும்போது ஒவ்வொரு குறைக்கும் பக்க எண் கொடுங்கள். பேரத்தில் இருக்கும் ஓட்டையை மட்டும் உடைத்துச் சொல்லிவிடாதீர்கள். இந்த வகை நாவலில் பாதி ருசி அதில்தான் இருக்கிறது.