கார்னெட் படலத்தின் மேற்பரப்பு மின்முனைவாக்கத்தைக் கண்ணால் பார்ப்பது எப்படி

காந்தப் பொருளின் உள்ளே படிகச் சமச்சீர் அனுமதிக்காத மின்முனைவாக்கம் (நேர், எதிர் மின்சுமைகள் சற்றே விலகி நிற்பது) மேற்பரப்பில் எட்டிப்பார்க்கும். அதை மீட்டரில் பிடிப்பது பெரும்பாடு. இரும்பு கார்னெட் என்ற காந்த ஆக்சைடின் படலத்தில் மின்புலம் கொடுத்து, டொமைன் சுவர் (வெவ்வேறு திசையில் காந்தமான இரு பகுதிகளின் எல்லை) நகர்வதை நுண்ணோக்கியில் பார்ப்பது எளிது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லோகினோவ் குழு 2008 வாக்கில் வெளியிட்ட முறை இது. அறை வெப்பநிலையே போதும்.

பிஸ்மத் கலந்த, சுமார் 10 மைக்ரான் தடிமனுள்ள படலம் வேண்டும். அதன் காடோலினியம் காலியம் கார்னெட் அடித்தளம் 210 அல்லது 110 முகமாக (படிகத் தளங்களின் எண்கள் இவை) வெட்டப்பட்டிருக்க வேண்டும். எளிதில் கிடைக்கிறதென்று 111 முகத்தை எடுத்தால் விளைவு தெரியாது.

நுனி 20 மைக்ரானுக்குக் கூர்மையாக்கிய செப்புக் கம்பியைப் படலத்தின் மேல் தொடும்படி நிறுத்துங்கள். இரும்பு, நிக்கல் ஊசி வேண்டாம். அதன் காந்தமே சுவரை இழுத்துவிடும். அடியில் நடுத்துளையுள்ள உலோகத் தகட்டை ஒட்டி எர்த் செய்யுங்கள். வெளிச்சம் அந்தத் துளை வழியே வரும். மின்னழுத்தம் 1500 வோல்ட் வரை போகும் என்பதால் தொடரில் 10 மெகாஓம் மின்தடை கட்டாயம். நுனி பழுதானாலும் மின்னோட்டம் 0.15 மில்லிஆம்பியரைத் தாண்டாது.

ஊசியை ஏன் இப்படி ஓரிடத்தில் வைக்கிறோம்? படலத்தின் நடு ஆழத்தில் சுவர் பிளாக் (Bloch) வகை. காந்தம் சுவரின் தளத்துக்குள்ளேயே திரும்புவதால் முனைவாக்கம் பூஜ்யம். மேற்பரப்பை நெருங்கும்போது டொமைன்களின் கசிவுப்புலம் அதை நீல் (Néel) வகையாக, அதாவது காந்தம் சுவரின் தளத்தைவிட்டு வெளியே சாய்ந்து திரும்பும்படி, முறுக்குகிறது, முனைவாக்கம் பிறக்கிறது. அடிப்பரப்பில் முறுக்கு எதிர்த்திசையில் இருக்கும். ஆகவே இருபுறமும் தட்டு மின்முனை வைத்துச் சீரான புலம் கொடுத்தால் இரு பரப்புகளின் விளைவும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஊசியின் புலமோ மேற்பரப்போடு நின்றுவிடும்.

நுண்ணோக்கியின் ஒளி முனைவாக்கிகளை (போலரைசர்) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து டொமைன்களைத் தெளிவாக்கி, ஊசியிலிருந்து சில மைக்ரான் தள்ளி ஒரு சுவர் இருக்கும்படி நகர்த்துங்கள். நேர் மின்னழுத்தத்தில் சுவர் ஊசியை நோக்கி வரும், எதிர் மின்னழுத்தத்தில் விலகும். இரண்டு குறியிலும் படமெடுத்து, இரு நிலைகளின் வித்தியாசத்தில் பாதியை மட்டும் கணக்கில் எடுங்கள். எலெக்ட்ரோஸ்ட்ரிக்‌ஷன் (மின்புலத்தால் பொருள் உருமாறுவது), ஊசியின் அழுத்தம் போன்றவை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை. குறியை மாற்றினாலும் மாறாது என்பதால் கழித்தலில் போய்விடும். இந்தச் சோதனையைச் செய்யாத முடிவை நம்ப வேண்டாம்.

சுவர் அசையவில்லையா? படலத்தின் ஏதோ குறைபாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், சில ஓர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) மாறுதிசைக் காந்தப்புலத்தால் உலுக்குங்கள். குறி மாற்றிய பிறகு மெதுவாகத் திரும்பினால் மேற்பரப்பில் மின்சுமை தங்கிவிட்டது: ஐசோபுரோபனாலில் துடைத்து, நிலை மின்னழுத்தத்துக்குப் பதில் துடிப்புகளைக் கொடுங்கள்.

கடைசியாக, சுவரின் முறுக்குதான் காரணமா என்று பார்க்க, சுவருக்குச் செங்குத்தாக, படலத்தின் தளத்திலேயே காந்தப்புலம் கொடுங்கள். அது போதிய வலுவோடு இருந்தால் எல்லாச் சுவரின் நடுவிலும் காந்தம் ஒரே பக்கம் சாயும். அப்போது அடுத்தடுத்த சுவர்களின் முறுக்கு எதிரெதிர். ஒரே மின்னழுத்தத்தில் ஒன்று ஊசியை நெருங்கும், பக்கத்துச் சுவர் விலகும்.