மேடுபள்ளச் சாலையில் மோட்டார்ஹோம்: பினாங்கிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுக்கும் குடும்பங்களில் பல, அதை நெடுஞ்சாலையோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிலர் பாலிங், கெரிக் வழியாகக் கிளந்தான் கடற்கரை வரை போக விரும்புகிறார்கள். வேறு சிலர் கூலிமுக்கு அப்பால், தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் நடக்கும் கோயில் திருவிழாவுக்குச் சென்று, அங்கேயே இரண்டு இரவு தங்கிவர விரும்புகிறார்கள். இரண்டு பயணங்களிலும் நல்ல தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்து, அலையலையான சாலையோ செம்மண் பாதையோ தொடங்கிவிடும். அங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எஞ்சினும் சக்கரங்களும் தாங்கும் அடியை, அவற்றின் மேல் கட்டப்பட்டிருக்கும் வீடு தாங்காது. ஆகவே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது எஞ்சினின் வலிமையன்று. அலமாரிக் கதவும், தண்ணீர்த் தொட்டியும், எரிவாயுக் குழாயும், கூரை இணைப்புகளுமே.

புறப்படுவதற்கு முன் மிகுந்த கவனம் டயருக்குத் தரப்பட வேண்டும். சாதாரணக் காருக்கு 220 முதல் 230 கிலோபாஸ்கல் காற்று போதுமானதாக இருப்பதால், பலரும் அதே பழக்கத்தில் மோட்டார்ஹோமுக்கும் காற்று நிரப்பிவிடுகிறார்கள். எடை மிகுந்த இந்த வண்டிகள் பலவற்றுக்கு 400 கிலோபாஸ்கலுக்கு மேல் தேவைப்படும். சரியான அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அது வேறுபடவும் கூடும். பெட்ரோல் நிலையத்துக் காற்று இயந்திரம் அந்த அளவை எட்டாவிட்டால் லோரி டயர் கடைக்குத்தான் போக வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்துவிடுவது பெரும் தவறு. இரவில் குளிர்ந்ததும் அந்த டயரில் காற்று குறைந்துபோய், மறுநாள் பள்ளத்தின் விளிம்பு அதைக் கிழித்துவிடும். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரும்பாலான நாள்கள் நின்றே கிடக்கும் வண்டியில் மிதிபகுதி புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பர் உள்ளுக்குள் முதிர்ந்திருக்கும்.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 100 கிலோவை ஏற்றிக்கொண்டதாகவே பொருள். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் இருபுறமும் அலைந்து வண்டியின் ஆட்டத்தைக் கூட்டும் என்பதால், கரடுமுரடான பாதைக்குள் நுழையும்முன் கழிவுநீர்த் தொட்டியை முறையான இடத்தில் முழுவதும் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீரையும் குறைந்த அளவே வைத்துக்கொள்வது நல்லது. குடிநீரைச் சிறு கலன்களில் தரையோடு கட்டி வைக்கலாம். அரிசிப் பை, இட்லிப் பானை, மசாலா அரைக்கும் மிக்ஸி போன்ற கனமான பொருள்கள் எல்லாம் இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தரைப்பகுதியில் இருக்க வேண்டும். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் மட்டுமே இருக்கட்டும். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியை வளைவில் சாய்க்கும்; பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கதவை உடைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய தலையில் விழவும் செய்யும். சுமை வரம்புக்குள் இருக்கிறதா என்ற ஐயம் இருந்தால், எடைமேடை உள்ள இடத்தில் கேட்டு நிறுத்துப் பார்த்துவிடலாம்.

எரிவாயு உருளையை நிமிர்ந்த நிலையில் வாரால் இறுக்கி, அதன் வால்வை மூடிய பிறகே வண்டி நகர வேண்டும். குலுக்கலில் ஒரு குழாய் உராய்ந்து தேய்ந்தாலும், வால்வு மூடியிருக்கும்வரை வாயு வண்டிக்குள் பரவாது. பயணிகள் அனைவரும் இருக்கையில் அமர்ந்து பட்டை அணிந்திருக்க வேண்டும். பின்னிருக்கைப் பட்டை மலேசியாவில் 2009 முதலே கட்டாயம். படுக்கை இருக்கிறதே என்று பாட்டியைப் படுக்க வைப்பதும், பிள்ளைகளை மேல்தட்டில் விளையாட விடுவதும் வண்டி நிற்கும்போது மட்டுமே செய்யத்தக்கவை. இதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஓட்டும் முறை. பள்ளம் கண்ணில் பட்டதும் நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும்; ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் நொடிக்கு முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போது எடை முன்னால் சாய்ந்து முன் ஸ்பிரிங்குகள் அமுங்கியிருக்கும். அப்போது விழும் அடியை வாங்கிக்கொள்ள அவற்றுக்கு இடம் இராது, டயரும் ரிம்மும்தான் வாங்கும். பள்ளத்தைத் தவிர்க்கத் திடீரென ஸ்டியரிங்கை ஒடிப்பது அதைவிட ஆபத்தானது. உயரமான இந்த வண்டியின் எடைமையம் மேலே இருப்பதால், ஒரு பக்கம் வெட்டி உடனே மறுபக்கம் திருப்பும்போதுதான் அது கவிழும். அதோடு நம் சாலைகளில் இடப்புறம் எப்போதும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி இருக்கக்கூடும். விலக நேரமில்லாவிட்டால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு பள்ளத்தில் நேராக இறங்கி ஏறுவதே மேல். மழைநீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம் தெரியாது. அதைச் சிறியதென்று நினைத்து ஓட்டக் கூடாது.

வேகத்தடையையும் குறுக்கு வாய்க்காலையும் நடைவேகத்தில், இரு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகக் கடக்க வேண்டும். கோணலாக ஏறினால் ஒரு மூலை உயர்ந்து எதிர் மூலை தாழ்ந்து, வண்டியின் உடல் முறுக்கப்படும். அந்த முறுக்கம் திரும்பத் திரும்ப நேர்ந்தால் கூரையின் இணைப்புகள் விட்டுப்போய், மழைநீர் கசியத் தொடங்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் வெகுநீளம் தொங்கும் வண்டிகளில், செங்குத்தான ஏற்றத்தின் அடியில் வால்பகுதி தரையில் உரசும். அத்தகைய இடத்தில் ஒருவரை இறக்கி வெளியே நிற்க வைத்து, அவர் கைகாட்ட அங்குலம் அங்குலமாக ஏற்றுவதே வழி.

நாம் வலப்பக்கம் அமர்ந்து சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே சிதைந்த தார் விளிம்பும் வாய்க்காலும் நமக்குத் தொலைவான பக்கத்தில், கண்ணுக்கு எளிதில் எட்டாமல் இருக்கின்றன. எதிரே லோரி வரும்போது பழக்கத்தில் இடப்புறம் ஒதுங்குவோம். விளிம்பு இடிந்து இடப் பின்சக்கரம் இறங்கினால் வண்டி வாய்க்காலின் பக்கம் சாய்ந்துவிடும். இடப்பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கிப் பின்சக்கரம் தெரியும்படி வைத்துக்கொண்டு, குறுகிய பாதையில் எதிரே வண்டி வருவதைக் கண்டதும் கெட்டியான இடம் பார்த்து முன்கூட்டியே நின்றுவிட வேண்டும்.

தோட்டப் பாதைகளில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றிய லோரிகளுக்கு எப்போதும் வழிவிட வேண்டும். அவற்றால் எளிதில் நிற்க முடியாது. காய்ந்த செம்மண்ணில் சலவைப் பலகைபோல் குறுக்கு வரிகள் எழுந்திருக்கும். வேகமாகப் போனால் குலுக்கல் தெரியாது என்று சிலர் சொல்வது மோட்டார்ஹோமுக்குப் பொருந்தாது. வேகத்தில் டயரின் பிடி குறையும், உள்ளே திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழலும். மழை பெய்த செம்மண் வழுக்கும். ஏற்றம் உள்ள பாதையானால் மழைவிட்டுத் தரை காயும்வரை காத்திருப்பதே நல்லது, திருவிழாவுக்குத் தாமதமானாலும் சரி. மரப்பாலத்தின் எடை வரம்பும் தாழ்ந்து தொங்கும் செம்பனை மட்டைகளும் தெரியாத பாதையில், முதலில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். வண்டியின் முழு உயரத்தை, கூரைமேல் இருக்கும் குளிர்சாதனத்தையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டிவைப்பது பயனுள்ளது. சேற்றில் சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதித்துச் சுழலவிடக் கூடாது. அது மேலும் புதையும். சக்கரத்தின் முன்னால் சேற்றை வாரிவிட்டுப் பலகையோ காய்ந்த செம்பனை மட்டையோ வைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அப்படியும் எழாவிட்டால் தோட்டத்து டிராக்டரை அழைக்கலாம். இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தில் மட்டுமே கயிற்றைக் கட்டி, கயிறு அறுந்து வீசும் தொலைவில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெரிக்கிலிருந்து ஜெலி வரை செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. காட்டையும் மலையையும் ஊடுருவிச் செல்லும் இந்தச் சாலையில் ஆங்காங்கே தரை இறங்கி, தார்ப்பரப்பு அலைபோல் மடிந்திருக்கும். அந்த அலைகளை வேகமாகக் கடந்தால் பின்சக்கரத்துக்குப் பின்னுள்ள பகுதி தூக்கி எறியப்பட்டு, அங்கே அமர்ந்திருப்பவர்கள் இருக்கையை விட்டு எழும்புவார்கள். வளைவில் இத்தகைய அலை வந்தால் வண்டி தன் தடத்திலிருந்து விலகும். 2025 ஜூனில் இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர் என்பதை இந்தச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும் எவரும் மறக்கக் கூடாது. அதற்கு முந்தைய மாதத்தில் லோரி மோதி ஒரு குட்டி யானை இறந்தது. தாய் யானை அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றதை நாடே பார்த்தது. எனவே இருட்டில் இந்தச் சாலையில் போகவே வேண்டாம். கெரிக்கிலேயே எரிபொருளை முழுவதும் நிரப்பிக்கொண்டு, காலை மூடுபனி விலகிய பின் கிளம்பி, மாலைக்குள் ஜெலியை அடைந்துவிட வேண்டும். யானை தென்பட்டால் தொலைவிலேயே நின்று, ஹார்ன் அடிக்காமல், விளக்கை உயர்த்தாமல், யாரும் கீழே இறங்காமல் அது கடந்துபோகக் காத்திருக்க வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவுக்கு இறங்குவதானாலும், தாப்பா பக்கமாகக் கேமரன் மலையிலிருந்து இறங்குவதானாலும், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்கும்படி செய்ய வேண்டும். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பிரேக் தானாக ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கரடுமுரடான பகுதியைத் தாண்டியதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சுற்றிவர வேண்டும். சக்கர நட்டுகளை ஸ்பேனரால் சோதித்து, இரட்டைப் பின்சக்கரம் உள்ள வண்டியில் இரு டயர்களுக்கும் இடையே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து, அடியில் எண்ணெயோ தண்ணீரோ சொட்டுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். எரிவாயு வால்வைத் திறந்ததும் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவ வேண்டும். குமிழி எழுந்தால் உடனே மூடிவிட்டு, பட்டறைக்குப் போகும்வரை அடுப்பைத் தொடக் கூடாது. கூரை மூலைகளில் விரிசலோ உட்சுவரில் ஈரமோ தெரிந்தால் படம் எடுத்துவைத்துக்கொண்டு, வாடகை வண்டியானால் ஒப்படைக்கும்போது அதை எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அடுத்து அந்த வண்டியில் ஏறப்போவதும் பிள்ளைகளோடு வரும் ஒரு குடும்பம்தான்.