பிள்ளையைத் தூக்கிக் கிளையில் வைக்காதீர்கள்

குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் ஒரு விளையில், அதாவது மரத்தோப்பில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு மரம் ஏறப் பழக்குகிறோம். ஏறும் பிள்ளைகளைவிடக் கீழே நிற்கும் பெரியவர்கள்தான் என்னைப் பதற வைக்கிறார்கள்.

முதல் கிளை எட்டவில்லை என்று பிள்ளை சிணுங்கியவுடன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேலே வைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. தானாக ஏறிய பிள்ளைக்கு வந்த வழி தெரியும். எந்த முண்டில் கால் வைத்தது, எதைப் பற்றியது என்பது உடம்பில் பதிந்திருக்கும். தூக்கி வைக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த வழியே கிடையாது. ஏறுவதைவிட இறங்குவது கடினம். கால் வைக்கும் இடம் கண்ணில் படாது. எங்களிடம் வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு வாரம் மாமரத்தின் முதல் கவட்டையை எட்டாமலே வீட்டுக்குப் போனாள். அவள் தந்தைக்குக் கை துறுதுறுத்தது, நான் விடவில்லை. ஐந்தாம் வாரம் மரத்தின் மறுபக்கம் சுற்றிப் போய், நாங்கள் யாரும் கவனிக்காத ஒரு முண்டைக் கண்டுபிடித்து ஏறினாள். யார் உதவியும் இல்லாமல் இறங்கியும் வந்தாள்.

கைக்கு அடுத்தது வாய். “ஐயோ, விழப்போகிறாய்!” என்று கத்தினால் பிள்ளை திரும்பி உங்களைப் பார்க்கும், பிடி தளரும். “மக்களே, இடது காலுக்குக் கீழே ஒரு கவட்டை இருக்கிறது, மெல்லத் துழாவிப் பார்” என்று அடங்கிய குரலில் சொல்லுங்கள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் மரத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே இதைத் தரையோடு ஒட்டிய கிளையில் பழக்கிவிட வேண்டும். கையை உயர்த்தினால் எனக்கு எட்டும் உயரத்தில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது.

மரத்தைத் தேர்வதிலும் தவறுகிறோம். முருங்கை பருத்தால் தூணாகுமா? ரப்பரும் அப்படித்தான். 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்து ரப்பர் தோட்டங்கள் முறிந்து கிடந்த கோலத்தைக் கண்டவர்கள் அந்த மரத்தில் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். மா, புளி நல்லவை. ஆனால் பட்ட கிளை, பொந்து, குளவிக்கூடு, இலைகளைத் தைத்து முசிறு எறும்பு கட்டிய கூடு ஆகியவற்றை அன்று காலையில் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும். போன வாரம் பார்த்தது போதாது. முசிறு கடித்தால் பிள்ளை இரண்டு கையையும் விட்டுவிடும். நம் விளைகளில் மாமரத்தின் தலைக்கு மேலேயே தென்னை நிற்கும். தேங்காயும் காய்ந்த மட்டையும் விழக்கூடிய இடத்தில் வகுப்பு வேண்டாம். தளைக்கயிற்றைக் காலில் மாட்டிப் பிள்ளைகளைப் பனையில் ஏற்றிப் படம் எடுப்பதும் வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் பழகிய பனையேறிகளின் தொழில். நடுவே உட்கார்ந்து இளைப்பாற அதில் ஒரு கிளைகூடக் கிடையாது.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. மழை நின்றாலும் பட்டையில் பாசி வழுக்கும். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்து, பச்சை ஒட்டினால் அன்று ஏற்றம் இல்லை. இடி கேட்டால் உடனே எல்லோரும் இறங்கி, மரத்தை விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் இரண்டு காரியங்கள் ஆபத்தானவை. சைக்கிள் ஹெல்மெட்டோடு ஏற்றினால், அது கவட்டையில் சிக்கித் தாடைப் பட்டை கழுத்தை இறுக்கிவிடலாம். வெறும் கயிற்றை இடுப்பில் கட்டினால், தவறும்போது அது வயிற்றை நெரித்து மூச்சைத் திணறடிக்கும். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, செருப்பு எல்லாம் கீழேயே இருக்கட்டும்.

மரத்தடியில் கல், வெட்டிய குற்றி எதுவும் கிடக்கக் கூடாது. கிணற்றையும் மின்கம்பியையும் ஒட்டி நிற்கும் மரம் எவ்வளவு நல்லதானாலும் விட்டுவிடுங்கள். ஏறும் பிள்ளைக்கு நேர்கீழே வேறு யாரும் நிற்க வேண்டாம். ஒரு மரத்தில் ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் நாங்கள் விடுவதில்லை. அந்த மூவரைப் பார்க்கும் பெரியவர் கையில் கைப்பேசி இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால், பதறி வாரித் தூக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால், அல்லது பிள்ளை மயங்கினால், அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை எழுந்து ஓடினாலும் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வாந்தியோ வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கமோ வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.