பான்டோபிரசோலைக் குறைத்த விதம்

நெஞ்செரிச்சலுக்குப் போடும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் முன்பைவிட அதிகமாகச் சில வாரங்களுக்குச் சுரக்கும். நோய் திரும்பிவிட்டதென்று பலர் மறுபடி மாத்திரைக்கு ஓடுவது இதனால்தான். டாக்டரிடம் கேட்டு 20 மி.கி.க்கு இறக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தேன். இடையில் நெஞ்சு எரிந்தால் ஃபாமோடிடின் 20 மி.கி. (அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரை), அல்லது சாப்பாட்டுக்குப் பின் ஆல்ஜினேட் சிரப் (அமிலம் மேலேறாமல் தடுப்பது). வருடக்கணக்கில் போட்டவர்கள் ரத்தத்தில் வைட்டமின் பி12, மெக்னீசியம் அளவைப் பார்த்துவிடுங்கள்.

குன்னூர்க் குளிருக்குச் சாப்பிட்ட கையோடு கம்பளிக்குள் புகுவதுதான் பாதி வினை. படுக்க 3 மணி நேரம் முன்பே சாப்பாடு முடிய வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் மேலேறும். வெறும் வயிற்றில் கடுந்தேநீர் பலருக்கு ஆகாது (தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே இருந்து சொல்வது கஷ்டம்தான்).

தினசரி ஆஸ்பிரின் எடுப்பவர்கள், விழுங்கச் சிரமமோ கறுப்பு மலமோ உள்ளவர்கள் பான்டோபிரசோலைத் தாமாக நிறுத்தக் கூடாது.