பர்வதமலையில் ஒரு வார இறுதி: ஊருக்கு வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஊருக்கு வந்தால் கல்யாணம், காதுகுத்து, தி.நகர் என்று மூன்று வாரமும் ஓடிவிடும். கனடாவிலும் ஸ்காட்லாந்திலும் சனி ஞாயிறு வந்தால் முதுகுப்பையோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள்கூட இங்கே வந்ததும் ஏசி காருக்குள் அடங்கிவிடுகிறார்கள். கையையும் ஊன்றி ஏறும் மலை ஒன்று வேண்டும், அதுவும் ஒரு வார இறுதிக்குள் முடிய வேண்டும் என்று கேட்டால் நான் சொல்வது பர்வதமலைதான். திருவண்ணாமலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 4,500 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள்.

2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு, தமிழ்நாட்டுக் காடுகளில் நினைத்தபடி நுழைந்து ஏற முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு முன்பதிவு செய்யலாம். பர்வதமலையோ கோயில் மலை என்பதால், பக்தர்களோடு பக்தராகத்தான் நீங்களும் ஏறுகிறீர்கள். ஆனால் எந்த நேரத்தில் விடுவார்கள், இரவில் மேலே தங்க விடுவார்களா என்பதெல்லாம் மழை, கூட்டம், காட்டுத்தீ அபாயம் ஆகியவற்றைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் போய்வந்த மாமா சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். அடிவாரத்துக் கடையிலோ திருவண்ணாமலை விடுதியிலோ முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தில் பாதி வேலை. பௌர்ணமி வேண்டாம். அன்று கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஆள் வருவதால் திருவண்ணாமலையில் அறையே கிடைக்காது. பர்வதமலையிலோ சங்கிலியைப் பிடித்து ஏறும் உச்சிப் பாறையில் முன்னால் இருப்பவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். கார்த்திகை தீப வாரமும் அப்படித்தான். பௌர்ணமி ஒட்டாத சனி ஞாயிறாகப் பாருங்கள். மார்கழி கடைசியும் தை மாதமும் நல்ல காலம். ஏப்ரல், மே பக்கமே போகவேண்டாம். அந்த வட்டாரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பாறையும் இரும்பும் கையைச் சுட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும், ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். கீழே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை வந்து சேரும் என்பதை மறக்காதீர்கள். ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் வடியும்வரை இக்கரையிலேயே இருங்கள்.

ஆகஸ்டில் மட்டும்தான் வர முடியும் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வட தமிழ்நாட்டில் அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை கட்டுவது சகஜம். உச்சிப் பாறை முழுக்க இரும்புச் சங்கிலியும் அடித்து இறக்கிய கடப்பாறையும். மின்னல் நேரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும் நிலை வரக்கூடாது. ஆகவே விடிகாலையில் தொடங்கி, நண்பகலுக்குள் சங்கிலியை விட்டுக் கீழே வந்துவிட வேண்டும். தை மாதத்தில் வருகிறவர்களுக்கு இந்த அவசரம் இல்லை. அனுமதி இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஏறி, மேலே படுத்து, ஞாயிறு காலை சாமி பார்த்துவிட்டு இறங்கலாம்.

சென்னையிலிருந்து செஞ்சி வழியாகப் போகும் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் கிடைக்கும். கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். வெள்ளி இரவே திருவண்ணாமலை போய் ஒரு அறை எடுத்துத் தூங்குங்கள். விமானக் களைப்பு தீராமல், வந்த இரண்டாம் நாளே ஏறக்கூடாது. வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் விடுதியில் அசலைக் கேட்பார்கள், விவரத்தைப் பதிய வேண்டியது அவர்கள் கடமை. அசலை அறையில் பத்திரமாக வைத்துவிட்டு நகலோடு மலைக்குப் போங்கள். திருவண்ணாமலையிலிருந்து மலையடிவார ஊரான தென்மாதிமங்கலத்துக்குப் பேருந்தும் உண்டு. நேரத்துக்குப் போக வேண்டும் என்றால் கார் பேசிக்கொள்வது நல்லது. கடலாடியிலிருந்தும் ஒரு பாதை ஏறுகிறது. அது காட்டு வழி, ஆள் நடமாட்டம் குறைவு. முதல் தடவை போகிறவர்கள் தென்மாதிமங்கலம் வழியாகவே போகலாம்.

ஊரைத் தாண்டினால் பச்சையம்மன் கோயில், உட்கார்ந்த கோலத்தில் பெரிய பெரிய முனிகள். அதைத் தாண்டி வீரபத்திரர் கோயில். அங்கிருந்து படிகள் தொடங்குகின்றன. ஆல்ப்ஸில் ஏறிய ஆட்கள் இங்கேதான் வேகம் காட்டுவார்கள், பாதியில் உட்காருவதும் அவர்கள்தான். காரணம் கால் பலம் அல்ல, வியர்வை. குளிர்நாட்டில் பழகிய உடம்புக்கு இந்தப் புழுக்கத்தில் உப்பு போய்க்கொண்டே இருக்கும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கட்டாயம். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். வார இறுதியில் வழியில் மோரும் எலுமிச்சைச் சாறும் விற்பார்கள்தான், அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

படிகள் முடிந்ததும் கரடுமுரடான கல் பாதை. மரநிழல் இருக்கும், குரங்குகளும் இருக்கும். கையில் பை தொங்கவிட்டுப் போனால் பிடுங்கிக்கொள்ளும்; எல்லாம் முதுகுப்பைக்குள் போய்விட வேண்டும்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. மரங்கள் விலகி, செங்குத்தான பாறை எதிரே நிற்கும். பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கி, அவற்றுக்கு நடுவே சங்கிலி கட்டியிருக்கிறார்கள். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி, ஆகாயப் படி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நுட்பமான ஏற்றம் ஒன்றுமில்லை. எழுபது வயதுப் பாட்டிகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஏறுகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் பள்ளம். உயரம் பார்த்தால் தலை சுற்றும் என்கிறவர்கள் இதற்குக் கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்பலாம், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சங்கிலிக்கு அழைத்துப் போகாதீர்கள். ஊன்றுகோலை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்; இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். செல்ஃபிக்கு நின்றால் பின்னால் இருப்பவர் “சாமி, கொஞ்சம் நகருங்க” என்பார். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான்.

இறங்கும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் முகத்தை உள்பக்கம் வைத்து இறங்குங்கள். கால் பதிந்த பிறகே கையை மாற்றுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்தைவிட இதற்குத்தான் தெம்பு மிச்சம் வைக்க வேண்டும்.

சங்க நூலான மலைபடுகடாம் நன்னன் என்ற மன்னனின் நவிரமலையைச் சொல்கிறது; அது இந்த மலைதான் என்பார்கள். பரிசில் தேடிப் போகும் கூத்தருக்கு அது வழி சொல்கிறது: பன்றிப் பொறி இருக்கும், பகலில் போங்கள்; வழுக்கும் இடம் உண்டு, பார்த்துப் போங்கள். இன்றைக்கும் அதே அறிவுரைதான். பொறி மட்டும் இல்லை.

உச்சியில் கோயில் சின்னது. பக்தர்களே சாமிக்கு அபிஷேகம் செய்து பூ போடலாம் என்பது இங்கே வழக்கம். ஆகவே கீழேயிருந்தே ஒரு பாட்டில் பால், விபூதி, வில்வம் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. வெள்ளியங்கிரிபோல் பெண்களுக்கு வயதுக் கட்டுப்பாடு பேச்சு இங்கே இல்லை. அரைக்கால் சட்டையைத் தவிர்த்து, முழுக்கால் சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள். தங்குவதானால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மெல்லிய போர்வையும் தலையில் கட்டும் விளக்கும் போதும், கூடாரம் அநாவசியம். சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் மறுநாள் காலைவரை கெடாது.

இன்னொன்று, மிக முக்கியமாக. தனிவழி நடப்பவர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். முன் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ இந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். ட்ரோனும் அப்படியே, வீட்டில் இருக்கட்டும். இங்கே செல்பேசி சிம் ஒன்றும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதும் போதும். பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மேலே கால் பிசகினால் ஹெலிகாப்டர் வராது. நாலு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். 108 வண்டி அடிவாரம்வரைதான் வரும். உங்கள் பயணக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று புறப்படுமுன் படித்துப் பாருங்கள். கயிறு, சங்கிலி என்ற சொல் வந்தாலே பணம் தராத திட்டங்கள் உண்டு.

ஞாயிறு இரவே விமானம் ஏறும்படி திட்டம் போடாதீர்கள். மாலையில் சென்னைப் பேருந்துகள் நிரம்பி வழியும், அறையைக் காலி செய்வதற்கு முன்பே திரும்பும் பயணத்துக்கு இருக்கை பதிவு செய்துவிடுங்கள். தொடை இரண்டு நாளைக்கு வலிக்கும். அந்த இரண்டு நாளில் மாடியில் குடியிருக்கும் சொந்தக்காரர் யாரையும் பார்க்கப் போவதாகச் சொல்லிவைக்க வேண்டாம்.